தராசு யார் கையில்?

“கோட்டாவில் வந்தவன்!”

இரண்டே சொற்கள். பொறியியற் கல்லூரி விடுதியிலே ஒரு மாணவன் மற்றொரு மாணவனைச் சுட்டிக்காட்டி, பக்கத்திலிருப்பவன் காதோடு சொல்கிறான். குரலைத் தாழ்த்திச் சொல்கிறான். ஆளைத் தாழ்த்தவே சொல்கிறான். சொன்னவன் கொடியவனல்லன். வீட்டிலே கேட்டதை விடுதியிலே ஒப்புவிக்கிறான், அவ்வளவே. தகுதி என்றொரு தராசு கல்லூரி வாயிலில் தொங்குகிறதாம். தான் அதிலே ஏறி நின்று எடை காட்டி உள்ளே வந்தவனாம். மற்றவன் எடை போடப்படாமலே பக்கத்து வழியாக நுழைந்தவனாம். இதுதான் அவ்விரு சொற்களின் பொழிப்புரை.

தோழர்களே! நாம் கேள்வி கேட்டுப் பழகியவர்கள். சாத்திரத்தைக் கேட்டோம், சோதிடத்தைக் கேட்டோம், கல்லாய்ச் சமைந்து நின்றவற்றையெல்லாம் கேட்டோம். மதிப்பெண் பட்டியல் ஒன்றை மட்டும் கற்பூரம் காட்டாத குறையாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாமோ? இந்தத் தராசைச் செய்தவர் யார், பிடித்திருப்பவர் யார், அதன் தட்டிலே நிறுக்கப்படுவதுதான் யாது என்று கேட்க வேண்டாமோ?

ஏகலைவனை இங்கே இழுக்கப் போவதில்லை. மேடைதோறும் கேட்டுக் கேட்டு அந்தக் கட்டைவிரலுக்கே சலிப்புத் தட்டியிருக்கும்! கதை எதற்கு, கிண்டியிலே வரலாறு இருக்கும்போது?

1794-இல் சென்னையிலே நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதுதான் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆயிற்று. செண்பகம் துரைராசன் வழக்கை அறியாத இளைஞர் நம்மிடையே இல்லை. மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்கு என்று உடனே சொல்லிவிடுவர். அந்த வழக்கோடு தோளுரசி வந்த இன்னொரு மனுவை மறந்துவிடுவர். சி. ஆர். சீனிவாசன் என்பவர் பொறியியற் கல்லூரியிலே இடம் கேட்டுத் தொடுத்த மனு அது. அன்றைய வகுப்புவாரி அரசாணைப்படி பதினான்கு இடங்கள் இருந்தால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதித்திராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முசுலிம்களுக்கு 1. மக்கள் தொகையிலே நூற்றுக்கு ஏறத்தாழ மூவராக இருந்தோர்க்குப் பதினான்கிலே இரண்டு! அதுவே அநீதி என்று வழக்கு நடந்தது. உயர்நீதிமன்றம் 1950-இலும், உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரல் 9-ஆம் நாளிலும் அரசாணை செல்லாது என்றன. செண்பகம் அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது அத்தீர்ப்பிலேயே இருக்கும் செய்தி! நாடு கொதித்தது, பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்தார், அதே ஆண்டு ஜூனிலே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 15-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு பிறந்த கதை இது.

அன்றும் இன்றும் எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றே. “மிகுந்த மதிப்பெண் பெற்றவனுக்கு இடம் தரமாட்டீர்களா?” கேள்வி நியாயமானதுபோலத்தான் ஒலிக்கிறது. ஒலிக்கட்டும். மதிப்பெண் எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டு விடை சொல்வோம்.

நான் பொறியியல் படித்தவனல்லன். கலைக்கல்லூரியிலே வரலாறு பயின்று, பல்லடத்துப் பக்கம் பள்ளி ஆசிரியனாக இருப்பவன். என் வகுப்பிலே தறிக்குடோன்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர். கூலிக்கு ஓடும் விசைத்தறி பகலென்றும் இரவென்றும் பாராது. தந்தை இரவு முறைக்குப் போனால், தாய் தார் சுற்றுவாள். வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பங்களில் பிள்ளை அந்தச் சடசடப்புக்கு நடுவேதான் கணக்குப் போட வேண்டும். அவனுக்கு நூற்றுக்கு எண்பது. நகரத்திலே தனியறையும், தனிப்பயிற்சியும், ஆங்கிலம் பேசும் பெற்றோரும் வாய்த்தவனுக்குத் தொண்ணூறு. தராசு சொல்கிறது, பின்னவன் பத்து எடை கூடியவன் என்று! எதிலே கூடியவன்? அறிவிலா? அறையிலா?

பிரித்தறிய வழியுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவிலே பிட்சுபர்க் நகரில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணிப்பொறியியலிலே உலகின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. 1995-இல் அதன் கணிப்பொறி இளநிலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்தோரிலே பெண்கள் நூற்றுக்கு எழுவர். ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்னும் இருவர் ஏன் என்று ஆராய்ந்தனர். சிறுவயது முதலே வீட்டிலே கணிப்பொறியை உருட்டி, நிரல் எழுதிப் பழகியவர்களையே கல்லூரி “திறமையாளர்” என்று தேர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக் கணிப்பொறி யார் அறையிலே வைக்கப்பட்டது? மகன் அறையிலே! மகளுக்கு அது தொடக்கூடாப் பொருளல்ல, ஆனால் அவளுடைய பொருளுமல்ல. அங்கேயும் ஒரு மனுதர்மம், பூணூல் இல்லாமல்!

பல்கலைக்கழகம் சேர்க்கை முறையை மாற்றிற்று. முன்பே நிரல் எழுதியிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தளர்த்திற்று. பழகியவர்க்கு ஒரு தொடக்க வகுப்பு, பழகாதவர்க்கு வேறொன்று என்று வைத்தது. முன்பழக்கம் இல்லாதவர்களும் பட்டப் படிப்பை வெற்றியோடு முடிக்கிறார்கள் என்று கண்டது. 2000-இல் புதிதாகச் சேர்ந்தோரிலே பெண்கள் நூற்றுக்கு நாற்பத்திருவர். ஏழு எங்கே, நாற்பத்திரண்டு எங்கே! ஐந்தே ஆண்டுகளில் பெண்ணின் மூளை ஆறு மடங்கு வளர்ந்துவிட்டதா? மூளை அப்படியேதான் இருந்தது, நண்பர்களே. தராசைத் திருத்தினார்கள்.

தமிழ்நாட்டிலும் அதுபோன்ற ஒன்று நடந்தது. 1984 முதல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத்தேர்வு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி சொல்லித் தந்ததை எழுதிக் காட்டிய பிறகு, பள்ளி சொல்லித் தராத ஒன்றையும் எழுதிக் காட்ட வேண்டும். அதைச் சொல்லித் தரும் இடம் நகரத்திலே, கட்டணத்துக்கு! அதை நீக்க முன்னிருந்த அரசும் முயன்று நீதிமன்றத்தில் தோற்றது. பிறகு, டாக்டர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, கலைஞர் அரசு சட்டம் இயற்ற, 2007-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்து நுழைவுத்தேர்வு ஒழிந்தது. மருத்துவத்துக்கு வேறு பெயரில் அது திரும்பிவந்த துயரம் தனிக்கதை. பொறியியலுக்கு வரவில்லை. கட்டடங்கள் இடிந்துவிட்டனவா?

இதைச் சொன்னவுடனே அடுத்த அம்பு பாயும். “கோட்டாவில் படித்தவன் கட்டிய பாலத்திலே உன் பிள்ளையை நடக்கவிடுவாயா?” தேநீர்க்கடை முதல் தொடர்வண்டி வரை எங்கும் கேட்கலாம். விடை எளிது. உள்ளே நுழைவதற்குத்தான் ஒதுக்கீடு. பருவத் தேர்விலே ஆதித்திராவிடருக்கு ஒரு வினாத்தாள், அய்யருக்கு ஒரு வினாத்தாள் உண்டா? தேர்ச்சி மதிப்பெண்ணிலே சாதிக்கொன்று உண்டா? பாலம் கட்டுகிறவன் வாயில் கடந்ததால் கட்டவில்லை. நான்காண்டுத் தேர்வு அத்தனையும் தேறிய பிறகே கட்டுகிறான். அதைவிட வேடிக்கை ஒன்றிருக்கிறது. தனியார் கல்லூரியிலே மேனேஜ்மென்ட் கோட்டா என்றொரு வாயில் உண்டு. அங்கே தராசுத் தட்டிலே வைக்கப்படுவது பணமுடிப்பு. அவ்வழியே வந்தவன் கட்டிய பாலத்தைப் பற்றி எவரேனும் கவலைப்பட்டுக் கேட்டதுண்டா? “கோட்டா” என்ற சொல் இரண்டுக்கும் பொது. இழிவு மட்டும் ஒன்றுக்கே உரியதாயிற்று. காசுக்கு வாங்கிய இடத்துக்குக் கௌரவம், நூற்றாண்டுகள் கழித்துக் கிடைத்த இடத்துக்கு நகைப்பு!

ஒரு கேள்வியை மட்டும் நான் எள்ளி நகையாட மாட்டேன். தொண்ணூறு மதிப்பெண் பெற்றும் விரும்பிய இடம் கிடைக்காத ஏழை மாணவன் ஒருவன், “நான் செய்த குற்றம் என்ன?” என்று கேட்டால்? அவன் குற்றம் எதுவும் செய்யவில்லை. அவன் வருத்தம் மெய். ஆனால் அரசுக் கல்லூரி இடத்தை ஓடிப்பிடித்த பந்தயத்தின் பரிசென்று அவனுக்குக் கற்பித்தவர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள். பரிசாயின் முதலில் வந்தவனுக்கே உரியது, வாதமில்லை. அந்த இடமோ மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்காக ஆக்கப்பட்ட பொறுப்பு. சாக்கடையிலே மனிதன் இறங்காமல் இருக்க எந்திரம் வேண்டும் என்ற எண்ணம், சாக்கடையிலே இறங்கிய தந்தையின் மகனுக்கு வருமா, அதைக் கண்டும் காணாமல் கடந்து சென்றவர் மகனுக்கு வருமா? எல்லார் வாழ்வையும் மாற்றப்போகும் படிப்பு எல்லார் வீட்டிலிருந்தும் ஆளெடுக்க வேண்டும். அந்த மாணவனுக்கு இன்னொன்றும் சொல்லலாம்: தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலே பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடந்ததை ஆண்டுதோறும் பார்த்துவருகிறோம். போட்டியெல்லாம் சில கல்லூரிகளுக்கும் கணிப்பொறிப் பிரிவுக்குமே.

இனிப் பெண்ணிடம் வருவோம். கிண்டியிலே 1940-இல் முதன்முதலாக ஒரு பெண் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பெயர் அ. லலிதா. சிறுவயதிலே மணம் முடித்துவைக்கப்பட்டு, பதினெட்டு வயதிலே கைக்குழந்தையோடு கைம்பெண் ஆனவர். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் கேட்டார், கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோ இசைந்தார், கதவு திறந்தது. பட்டச் சான்றிதழிலே “அவன்” என்று அச்சடித்திருந்ததை மையால் அடித்து “அவள்” என்று எழுதித் தந்தார்கள்! அந்த அம்மையார் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்சாரப் பணிகளில் பங்காற்றினார். 1964-இல் நியூயார்க்கிலே நடந்த முதலாவது அனைத்துலகப் பெண் பொறியியலாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் சென்றார்.

போற்றுவோம். ஆனால் போற்றிவிட்டுப் போய்விடக்கூடாது. அந்தக் கதவை எது திறந்தது? அவருடைய அறிவு, கூடவே தந்தையின் நாற்காலி. நம் வட்டாரத்திலே எத்தனை பெண்ணின் தந்தைக்கு அந்த நாற்காலி? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளிலே சுமங்கலித் திட்டம் என்ற பெயரால் நடந்ததை நாடறியும். பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு ஆலை விடுதியிலே அடைத்து வேலை வாங்கி, முடிவிலே திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை. பெயரைப் பாருங்கள், சுமங்கலி! ஊர் அமங்கலி என்று ஒதுக்கிய கைம்பெண் கிண்டியிலே மின்சாரம் கற்றார். சுமங்கலி ஆக வேண்டியவளோ கல்லூரிக்குரிய வயதை நூற்பாலையின் பஞ்சுத் தூசியிலே கரைத்தாள். மங்கலம் எது, அமங்கலம் எது என்று வைதீகர் வந்து விளக்கட்டும். 2020-21 ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பிலே பொறியியல் இளநிலை மாணவரில் பெண்கள் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களைச் சேர்க்க நேர்ந்தது.

நம் பக்கத்துச் சூலூரை அடுத்த கலங்கலிலே பிறந்தவர் ஜி. டி. நாயுடு. தொடக்கப் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். மின்மோட்டார் செய்தார், சவரக்கத்தி செய்தார், 1945-இல் கோவையிலே பொறியியற் கல்லூரி தோன்றவே காரணமானார். அவரே மாணவராக வந்து நின்றிருந்தால் அந்தக் கல்லூரி வாயில் அவருக்குத் திறந்திருக்காது! “பார்த்தீர்களா, திறமையுள்ளவன் எப்படியும் மேலே வருவான்” என்று இதையே எதிர்வாதமாகவும் சொல்வார்கள். வருவான். நாயுடு வந்தார், லலிதா வந்தார். மேதைக்கு வாயில் வேண்டியதில்லை, சுவரேறிக் குதித்துவிடுவான். வாயிலும் சட்டமும் நம்மைப்போன்ற சாதாரணர்களுக்காக.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. என் மாணவி ஒருத்தி, தறிக்கூலி ஒருவரின் மகள், அரசுப் பள்ளியில் படித்தோருக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலே கணிப்பொறியியலில் சேர்ந்தாள். 2021-இல் வந்த சட்டம் அது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. முதல் வாரம். ஆசிரியர் கேட்டாராம், “முன்பே நிரல் எழுதிப் பழகியவர்கள் கைதூக்குங்கள்.” பெரும்பாலோர் தூக்கினர். “சரி, அப்படியானால் முதல் பாடத்தை விட்டுவிடலாம்.” விட்டுவிட்டார்! அவளுக்கு உரிய ஒரே பாடம் அதுதான். பருவ முடிவிலே அவளுக்கு இரண்டு அரியர். அவள் பக்கத்து வரிசையிலே, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த ஒருவனுக்கு நான்கு அரியர். அவனைப் பற்றி என்ன சொன்னார்கள்? “பையன் கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை.” அவளைப் பற்றி? “இதுகளுக்கெல்லாம் எதற்கு இந்தப் படிப்பு!”

கவனியுங்கள். அவன் தோற்றால் அவன் மட்டும் தோற்கிறான். அவள் தோற்றால் அவளுடைய தெரு தோற்கிறது, பள்ளி தோற்கிறது, பெண்ணினம் தோற்கிறது, அரசாணை தோற்கிறது! அவனுக்குச் சராசரியாக இருக்க உரிமை உண்டு. அவளுக்கு இல்லை, லலிதாவாக விளங்கினால்தான் அவள் இருக்கை அவளுக்குச் சொந்தம். சமத்துவம் வந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்று படிப்பகத்து நண்பர்கள் கேட்பதுண்டு. ஒடுக்கப்பட்டோரில் ஒருவர் தங்கப் பதக்கம் வாங்கும் நாளிலா? பதக்கத்தை அம்பேத்கர் காலத்திலேயே வாங்கிக் காட்டியாயிற்று. நடுத்தரமான ஒருவனுக்கு அங்கே கிடைக்கும் பொறுமை, நடுத்தரமான ஒருத்திக்கு இங்கே கிடைக்கும் நாளிலே சொல்லலாம். இரண்டு அரியர் வைத்து, மீண்டும் எழுதி, தேறி, எவருக்கும் உதாரணமாகாமல் ஒரு வேலைக்குப் போய்ச் சேரும் உரிமை! மிகச் சிறிய உரிமை போலத் தோன்றும். அதை எந்தச் சட்டமும் இன்னும் எழுதித் தரவில்லை.

அரசு தரக்கூடியவற்றைத் தராமலில்லை. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அதே ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியிலே தொடங்கிற்று. 2023-இலே உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழவே திரும்பப் பெற்றது என்பது வேறு. அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய். ஆண்களுக்கும் அதுபோலவே 2024-இல், நம் கோவையிலே தொடங்கிற்று. பணம் வாயில் வரை கொண்டுசேர்க்கும். விட்டுவிட்ட முதல் பாடத்தை எந்தக் கருவூலம் நடத்தும்?

கடைசியாக நம்மையும் கொஞ்சம் நிறுத்துப் பார்ப்போம். மேலே இருப்பவனைக் கேட்பது எளிது; கீழே இருப்பவன் நம்மைக் கேட்கும்போதுதான் பகுத்தறிவுக்குச் சோதனை. கொங்கு நாட்டிலே அருந்ததியர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தோட்டங்களிலே உழைத்தவர், நம் ஊர்த் தெருவைக் கூட்டியவர், நம் தேநீர்க்கடைகளிலே தனிக் குவளையில் குடிக்க வைக்கப்பட்டவர். ஆதித்திராவிடருக்கான 18 விழுக்காட்டிலே அவர்களுக்கென்று 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009-இல் சட்டமாயிற்று. இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்டு 1-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்விலே அறுவர் தீர்ப்பளித்தனர். அந்தச் செய்தி வந்த நாளிலே நம் ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன். “இவர்களுக்கு இன்னும் எத்தனை கோட்டா?” பேசியவர்கள் யார்? பிற்பட்டோர் பட்டியலிலே இடம்பெற்று, அதன் பயனால் மகனைப் பொறியாளனாக்கி, பெங்களூரிலே வீடு வாங்கியவர்கள்! 1951-இலே சென்னையிலே நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட அதே வாசகத்தை, எழுத்துப் பிசகாமல், பல்லடத்திலே நாம் சொல்கிறோம். தராசு கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேர்வு முடிவு வெளிவந்ததும் கலந்தாய்வு விண்ணப்பம் தொடங்கிவிடும். நம் படிப்பகங்கள் அந்த நாட்களிலே மாலைதோறும் திறந்திருக்கட்டும். விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த இருவர் உட்காரட்டும். அதற்கு முன்பே, கோடை விடுமுறையிலே, பொறியியல் மூன்றாமாண்டு படிக்கும் தோழர்கள் வந்து, நிரல் என்றால் என்ன, அது எப்படி ஓடுகிறது என்பதைத் தமிழிலே, முதல் பாடத்திலிருந்து, எதையும் விட்டுவிடாமல் சொல்லித் தரட்டும். அழைப்பை முதலிலே அருந்ததியர் தெருவிலும், அடுத்துத் தறிக்குடோன் வாசலிலும் கொடுப்போம். பெண்பிள்ளைகள் வந்து திரும்புவதற்கு வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும். இரவு முறை முடிந்து தந்தையர் தூங்கும் ஞாயிறு முற்பகல் தோதாக இருக்குமென்று நினைக்கிறேன்.